எந்தக் கோடு துள்ளுது?

“இன்னிக்கு உங்க குரல் மட்டும் கேட்டுச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!” என்றாள் கவியா.

“நான் வாயே தொறக்கலையே!” என்றான் ஸ்டான்லி.

“உங்க வாயச் சொல்லல. இந்தக் கம்ப்யூட்டர் உள்ள கீற உங்க வாயச் சொன்னேன்.”

அவள் பயம் அவளுக்கு. மாமல்லபுரம் பக்கம் ஓடும் மீன் வண்டி, பழ வண்டிகளுக்குக் கூவி விற்கும் குரலைப் பதிவு செய்து கொடுப்பதுதான் அவள் புருஷன் ஸ்டான்லியின் பிழைப்பு. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில்தான் இன்று அவளுக்கு நேர்முகத் தேர்வு. வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை. பின்னால் துளி சத்தம் கேட்டாலும் வேலை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த வேலை அது.

“எல்லாத்தையும் மூடிட்டேன் தாயே, போதுமா?”

தேர்வு தொடங்கியது. திரையில் பாலசுப்ரமணியன் என்ற மேனேஜர். பின்னால் வெள்ளைச் சுவர், சிரித்தறியாத முகம். கவியா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். அவர் தலைகூட ஆட்டினார். அப்போதுதான் அது கேட்டது.

“வஞ்சிரம்! சங்கரா! உயிரோட துடிக்கிற நெத்திலி! ஓடியா, ஓடியா!”

ஸ்பீக்கரில் சாட்சாத் ஸ்டான்லியின் குரல். கவியாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவசரமாக மைக்கை அணைத்தாள்.

“மூடிட்டேன்னு சொன்னீங்களே!”

“சத்தியமா மூடிட்டேன்டி. இரு, வால்யூம் மிக்சர்ல பாக்கறேன். எது சத்தம் போடுதோ அதுக்கு நேரா பச்சைக் கோடு துள்ளும்.”

கேமராவில் தெரியாமல் தவழ்ந்து வந்து, மேஜையோரமாகத் திரையை எட்டிப் பார்த்தபடி கையை மட்டும் நீட்டி மவுஸைப் பிடித்தான் ஸ்டான்லி. பாட்டுப் போடும் மென்பொருளின் சத்தத்தை நிறுத்தினான். நெத்திலி நிற்கவில்லை. எடிட்டிங் மென்பொருளை நிறுத்தினான். சங்கராவும் ஓயவில்லை.

“எல்லாத்தையும் அமுக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் துள்ளிகினு கீது.”

“அதையும் அமுக்கித் தொலைங்களேன்!”

“அத எப்பிடி கவியா அமுக்கறது... அத அமுக்கினா அவரு பேசறதே கேக்காதே!”

பாலசுப்ரமணியன் நெற்றியைத் துடைப்பது தெரிந்தது. ‘வேலை போச்சு’ என்று கண்கலங்கியபடியே, மன்னிப்புக் கேட்பதற்காக மைக்கைப் போட்டாள் கவியா.

அவர் முந்திக்கொண்டார். “தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், சத்தம் எங்க வூட்டு வாசல்ல நிக்கிற மீன் வண்டிலேர்ந்து வருது. நான் மாமல்லபுரம் பக்கத்துல திருவிடந்தைலேர்ந்து பேசறேன். வேலை உங்களுக்குத்தான், திங்கக்கெழமை சேந்துக்குங்க... இந்தக் குரல் வந்துச்சுன்னா தெருவே கூடிடும், நெத்திலி தீர்றதுக்குள்ள நான் ஓடணும்!”