காலைக் கீழே வைக்காதீங்க

கையில் எடுத்த ஊசியை டாக்டர் திரும்பவும் தட்டிலேயே வைத்துவிட்டார்.

துணைக்கு வந்த தங்கையை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்த மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபத்தொரு வயதில் அந்த உயரமான கட்டிலில் ஏறிக் குப்புறப் படுப்பதே பெரும்பாடு. அதுவும் முழங்காலுக்கு மேல் துணியை ஏற்றிவிட்டு, ஊதா நரம்புகள் சிலந்தி வலையாகப் பின்னிக் கிடக்கும் கெண்டைக்கால் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு. இத்தனைக்கும் பிறகு, அந்த நரம்புகளைச் சுருக்கும் ஊசி தட்டுக்குத் திரும்பினால் என்ன அர்த்தம்?

வயதைச் சொல்லித்தான் தட்டிக் கழிக்கப் போகிறார்கள்.

முப்பத்தைந்து வருடம் பார்லரில் நின்றபடியே ஊரார் தலைமுடியை வெட்டிய கால்கள் அவை. சாயங்காலமானால் எரியும். படுத்தால் குடையும். போன வருடம் வேறொரு டாக்டரிடம் போனபோது அந்த மனிதர் காலைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார். இந்த வயதில் காலுக்கு என்ன அலங்காரம் என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை முன்னேற்பாட்டோடு வந்திருந்தாள்.

இந்த டாக்டர் சின்னப் பெண். காலையில் கீழ்த்தளத்தில் எடுத்த ஸ்கேன் அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. அதைப் பார்க்காமல் குத்த மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்து வந்து அவளுடைய வலது கெண்டைக்காலை அழுத்தினார்.

வலிக்கவில்லை என்றாள் மூத்தவள். வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வலிக்கவில்லை.

“சில பேருக்கு வலியே தெரியாதும்மா. அதுதான் மோசம்.”

அவளைத் திருப்பிப் படுக்க வைத்தார்.

“வயசெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எண்பது தாண்டினவங்களுக்கும் இந்த ஊசி போட்டிருக்கேன்,” என்றார் டாக்டர். “ஆனா உங்க வலது கால்ல, உள்நரம்புல ரத்தம் கட்டியிருக்கு. தொடை வரைக்கும் ஏறியிருக்கு. அது பிச்சுக்கிட்டு மேல போயிடுச்சுன்னா எங்க கையில ஒண்ணும் இல்லை. காலைக் கீழே வைக்காதீங்க.”

சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, ஒரு படுக்கை என்று கதவுக்கு அந்தப்பக்கம் குரல் கேட்டது. நர்ஸ் ஓடிவந்து கால்மாட்டில் நின்றுகொண்டாள். யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மூத்தவளுக்கு முதலில் பயமே வரவில்லை. வயசெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்ற வார்த்தைதான் காதில் நின்றது. ஒரு வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. மனது குளிர்ந்தே போயிற்று.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் இன்னொரு நர்ஸ் ஏதோ சொல்வது கேட்டது. உங்க அக்காவை உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கணும், அவ்வளவுதான். மீதியைக் கேட்க அவள் நின்றால்தானே. அக்காவுக்கு ஒன்று என்றால் அவளுக்குக் கண்மண் தெரியாது.

“அக்கா, பயப்படாதே. வீட்டுக்குப் போய் உன் மாத்திரையும் மாத்துத் துணியும் எடுத்துட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன்.”

கதவிடுக்கில் தெரிந்த முகம் அடுத்த கணம் இல்லை.

அப்போதுதான் மூத்தவளுக்குக் குளிர்ந்திருந்த மனது அப்படியே உறைந்தது.

காலையில் ஸ்கேன் அறையில் அவள் படுக்கவே இல்லை.

வெளியே எத்தனை வயது என்பதை முகம் சொல்லிவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே எத்தனை வயது என்று மெஷின்தானே சொல்லும்? உள்நரம்பு இளசாக இருந்தால் எந்த டாக்டரும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவளுடைய கணக்கு அதுதான். கீழ்த்தளத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போனவள், அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவளான தங்கை. மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை என்று சிரித்துக்கொண்டேதான் போனாள்.

அக்காவுக்குத் துணையாக வரவேண்டுமென்று, முந்தாநாள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் காலை மடக்கியபடி உட்கார்ந்து வந்தவள். இறங்கியதிலிருந்து வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று மூத்தவளே அந்தக் காலை மடியில் வைத்து, சுளுக்கு விடட்டும் என்று தொடை வரைக்கும் அழுத்தி உருவிவிட்டாள்.

மூத்தவள் துள்ளி எழுந்தாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஸ்ட்ரெச்சர்க்காரர் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார். சொல்லவேண்டியது அத்தனையும் ஒன்றோடொன்று முண்டியது. தங்கச்சி, என் தங்கச்சியைக் கூப்பிடுங்க என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

நர்ஸ் அவள் நெற்றியைப் பரிவாகத் தடவிக் கொடுத்தாள்.

“வந்துடுவாங்கம்மா, கவலைப்படாதீங்க. பாவம், லிஃப்டுக்குக்கூட நிக்காம நாலு மாடியும் படியிலயே ஓடுறாங்க.”