விட்டுப்போன டேப்

“இதுக்குப் பசிக்காது சார். தூக்கம் வராது. லீவு கேட்காது” என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போனார். எம்.டி. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு ஓரக்கண்ணால் தன் காரியதரிசியைப் பார்த்தார். பசி, தூக்கம், லீவு மூன்றையும் கண்டுபிடித்தவளே அவள்தான் என்பதுபோல.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் அது. எந்தக் கட்டடத்தில் எது நடுவழியில் நின்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவரைச் சமாதானப்படுத்துவது, மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பது, இடையில் எம்.டி.யின் நாய்க்கு ஊசி போட நேரம் வாங்குவது எல்லாம் அவள் தலையில். காகிதத்தில் அவள் பதவியின் பெயர் உதவியாளர். புதிதாக வந்திருக்கும் சரக்கின் பெயரும் அதுவே.

சரக்கின் மகிமை இதுதான்: பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களையெல்லாம் ஏஐ உதவியாளர் தானே பார்த்துப் பட்டியல் போட்டுவிடும். ஆபீசில் யார் எதில் மூழ்கியிருக்கிறார்கள் என்பது முதலாளியின் உள்ளங்கைக்கு வந்துவிடும்.

செய்துகாட்ட எம்.டி.யின் கம்ப்யூட்டர் உதவவில்லை. மெயிலை அச்சடித்துக் கொடுத்தால்தான் அவர் படிப்பார். கம்ப்யூட்டரில் வானிலைப் பக்கம் மட்டும் திறந்திருந்தது. “இவங்க சிஸ்டத்துல போடுங்க. அதுலதான் எப்பவும் சந்தைக்கடை” என்றார்.

அந்தச் சந்தைக்கடையின் நடுவில், போட்டி நிறுவனம் ஒன்றுக்கான அவளுடைய வேலை விண்ணப்பம் காலையிலிருந்து பாதி நிரம்பிக் கிடந்தது. எம்.டி. கண்ணில் பட்டால் மாலைக்குள் சீட்டைக் கிழித்துவிடுவார். போன வருஷம் ஸ்டோர்ஸ்காரரை அப்படித்தான் அனுப்பினார், விசுவாசத்தைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்றிவிட்டு.

மூடிவிடலாம் என்று அவள் கை நீட்டுவதற்குள் மௌஸ் விற்பனையாளரிடம் போய்விட்டது.

சுவரிலிருந்த பெரிய திரையில் டேப்கள் தீப்பெட்டிக் குச்சிகளாக நெருக்கியடித்து நின்றன. எதன் பெயரும் தெரியவில்லை. எம்.டி. மைக்கைப் பார்த்து, மெக்கானிக்குகளை மிரட்டும் அதே குரலில், என்னென்ன திறந்திருக்கிறது சொல் என்று உத்தரவிட்டார்.

திரையின் மூலையில் மூன்று புள்ளிகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. ஆழமாக யோசிக்கிறது என்றார் விற்பனையாளர், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

பிறகு ஒவ்வொரு வரியாக விழுந்தது. லிஃப்ட் புகார்ப் பதிவு. இரும்புக் கயிறு விலை. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒப்பந்தம். நாய்க்கு ஊசி. ‘தலைவன் பிறக்கிறான்’ என்று எம்.டி. எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை, அதாவது அவள் எழுதிக்கொண்டிருப்பது. வழுக்கையில் முடி முளைக்க எண்ணெய், எம்.டி. வீட்டு விலாசத்துக்கு.

“அது என் மச்சானுக்கு” என்றார் எம்.டி. யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

எண்ணெய்க்கு அடுத்த டேப் அவள் விண்ணப்பம்தான். ஆனால் அடுத்த வரியில் வங்கி வந்தது. அதற்கடுத்து மருந்துக்கடை. அத்தோடு பட்டியல் முடிந்தது.

எண்ணெயில் சூடுபட்ட எம்.டி.க்கு மனசு ஆறவில்லை. “அவ்வளவுதானா? இவங்க சொந்த வேலை ஒண்ணுமே திறந்து வைக்கலையா?” என்றார்.

மறுபடி புள்ளிகள். இந்த முறை இன்னும் நேரமாயிற்று. ‘இல்லை. எல்லாம் ஆபீஸ் வேலைதான்’ என்று வந்தது.

“பொய்யே சொல்லத் தெரியாத ஜென்மம் சார் இது” என்றார் விற்பனையாளர்.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ‘ஒன்றை விட்டுவிட்டது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் அங்கேயே படுத்துவிடும். அவள் நாற்காலி பிழைக்கும். ஆனால் எதை விட்டது என்று அடுத்த கேள்வி வருமே. எம்.டி.யிடம் பேனாவை எடுத்து நீட்டினாள்.

எம்.டி. கையெழுத்துப் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் ஒருத்தர் சிறகை விரிக்கும் நேரம் வந்தால் பெரியவர்கள் குறுக்கே நிற்கக் கூடாது என்று கனிவாகப் பேசினார். அடுத்த மாதம் முதல் அவள் வர வேண்டாம் என்பது அதன் சாரம். விற்பனையாளரைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனவர் வாசலில் நின்று, “அந்த நாய் ஊசியை மறந்துடாதீங்க” என்றார்.

அறை காலியானது. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டாள். விண்ணப்பத்தின் மீதிப் பாதியை நிரப்பக் கையில் தெம்பில்லை. இப்போதைக்கு மூடிவைப்போம் என்று அந்த டேப்பின் மேல் மௌஸைக் கொண்டுபோனாள்.

மூலையில் மூன்று புள்ளிகள் ஓடின. அவள் எதையும் கேட்கவில்லையே என்று பார்த்தாள். எழுத்துகள் வந்து விழுந்தன.

“மூடிடாதீங்கக்கா. இந்தப் பக்கம் உக்காந்து டைப் அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சுபோச்சு, அந்த வேலை லிங்க்கை எனக்கும் அனுப்புங்க.”