பையன்கள் மட்டும் ஃபெயில்

"ஏழாம் வகுப்புக் கணக்குல பொண்ணுங்க அத்தனை பேரும் பாஸ். பையன்கள் மட்டும் மொத்தமா ஃபெயில். எப்படி டீச்சர்?" தலைமையாசிரியை கொதித்தார். "நாளைக்கு அதிகாரி வந்து காரணம் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

கணக்கு டீச்சர் தயங்கினார். "நான் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடத்துறேன், மேடம். ஆனா சாயங்காலம் பூங்காவுல பந்து விளையாடுற பையன்களை ஒருத்தர் பிடிச்சு உட்கார வெச்சு, சுலப வழின்னு இலவசமா கணக்கு சொல்லித் தர்றார். பரீட்சையில அத்தனை பேரும் அந்த வழியிலேயே போட்டுட்டாங்க."

"யார் அந்த அரைகுறை? கையில கிடைச்சா உண்டு இல்லைன்னு ஆக்கிடுறேன்!"

"உங்க வீட்டுக்காரர்தான், மேடம்."

தலைமையாசிரியை ஒரு மடக்கு தண்ணீர் குடித்தார். "வாக்கிங் போறேன்னுதானே சொன்னார்!"

"இனிமே வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்களேன், மேடம்."

"ஐயையோ! அவர் ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வீட்டுல நிம்மதி" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நீங்க தினமும் காலையில பையன்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் கிளாஸ் வெச்சு, அவர் சொல்லிக் கொடுத்ததை மறக்கடிச்சிடுங்க!"