கையெழுத்து விழும் வரை

"ரெண்டு கதிர்னா, ரெண்டு மடங்கு கெடுதலாம்மா?"

கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, மடியில் மனைவியின் கைப்பை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு வகைக் கதிரால் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் மேஜையில் அவர் மனைவி கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருந்தாள். உறவுக்காரர்களை இந்த அறைக்குள் விடுவதில்லை. வாசலில் அவர் நின்ற நிலையைப் பார்த்து மனசு கேட்காமல் ஸ்கேன் டாக்டர்தான் உள்ளே வரச் சொல்லியிருந்தாள்.

"இல்லைங்க, கதிர் ஏறக்குறைய அதே அளவுதான். ஜவுளிக்கடையில துணியை விளக்கு வெளிச்சத்துலயும் பார்ப்போம், வாசலுக்குக் கொண்டுபோயும் பார்ப்போமே, அந்த மாதிரி. ஒரே நெஞ்சை ரெண்டு வெளிச்சத்துல பார்க்கிறோம்."

அவர் விடவில்லை. கையில் ஏற்றிய மருந்து எங்கே போகும், படத்தில் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டரும் சலிக்காமல் சொன்னாள். மைக் வழியாக மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, அவங்களை வேலை பார்க்க விடுங்க. வீட்டுல என் உயிரை வாங்கினது போதாதா?"

மெஷினை இயக்கிக்கொண்டிருந்த நெட்டையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மூன்று வாரத்துக்கு முன் வேறோர் ஆஸ்பத்திரியில் சாதாரண ஸ்கேன் எடுத்தார்களாம். இடது நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி, இதயத்துப் பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று எழுதிவிட்டார்களாம். அன்றிலிருந்து மனைவி பீரோவைக் காலி செய்து, தங்கைக்கு இது, நாத்தனாருக்கு அது என்று பிரித்து வைக்கிறாள். இதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் உள்ளே போய்விட்டது.

படங்கள் வந்தன. முதல் படத்தில், முஷ்டி அளவுக்கு ஒரே சாம்பல் நிறப் பிண்டம். டாக்டர் அடுத்த படத்தைத் திறந்தாள். மருந்து போய்ச் சேர்ந்த இடங்களை மட்டும் பிரித்துக் காட்டும் படம் அது. பிண்டத்தின் பெரும்பகுதி ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன உருண்டை மட்டும் மங்கலாக நின்றது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மங்கலா, எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கே, அதுதான் கட்டி. பளிச்சுனு இருக்கிறது வெறும் நுரையீரல். கட்டி காத்துக்குழாயை அடைச்சதால காத்து போகாம சுருங்கிக் கிடக்கு. ரத்தக்குழாயோட ஒட்டிக்கிட்டிருக்கிறது இந்தச் சுருங்கின பாகம்தான், கட்டி இல்லை."

"அப்போ ஆபரேஷன்?"

"சர்ஜன்தான் முடிவு பண்ணணும். ஆனா வழி இருக்குன்னு நான் எழுதுவேன்."

அவர் முகம் மலரவில்லை. முன்னால் பார்த்தவர் பெரிய டாக்டராமே, அவர் எழுதியதற்கு எதிராக எழுதுவீர்களா என்று கேட்டார். அவள் முதல் படத்தைத் திரும்பத் திறந்தாள்.

"அவர் மேல தப்பில்லைங்க. சாதாரண ஸ்கேன்ல ரெண்டும் ஒரே நிறம், யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க. அதுக்காக, இல்லாத கட்டியை இருக்குன்னு நான் எழுத முடியுமா?"

இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினாள். அதற்குப் பிறகும் கேட்டார். அவள் முகம் சுளிக்காமல், ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுபோல் நெஞ்சை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படமாக நகர்த்தி, கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தும் காட்டினாள். பிறகு ரிப்போர்ட்டை அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். கையெழுத்து வந்ததும் விரல் அங்கேயே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி மேஜையிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அந்த முதல் ரிப்போர்ட்டை எழுதினவன் நான்தான்மா. இருபத்தெட்டு வருஷமா எனக்கும் இதே வேலைதான்," என்றார் மெதுவாக. "முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க படத்தைப் பார்த்திருக்க மாட்டீங்க, என் முகத்தைப் பார்த்திருப்பீங்க."