பெயின்ட் அடித்த ட்ரெட்மில்

"சீ! தொடவே கூசுது," என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அவள் கணவரைத் தினமும் வேர்க்க வேர்க்க நடக்கச் சொல்லிவிட்டார். சைக்கிளா, ட்ரெட்மில்லா என்று ஒரு மாதம் சண்டை போட்டுவிட்டு, கணவரும் மனைவியும் இந்தப் பழைய ட்ரெட்மில்லைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"பழைய இரும்புக் கடையில எடுத்தேன்க்கா. பெயின்ட் மட்டும்தான் என்னோடது. அழுக்கெல்லாம் முதல்ல வச்சிருந்த ஆளோடது," என்றான் விற்பவன்.

கைப்பிடியில் வியர்வை காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. பெல்ட் ஓரமெல்லாம் நகத்துண்டு, முடிச் சுருள், பிஸ்கட் தூள்.

"இதுல நடந்தானா, உட்கார்ந்து தின்னானா? இவனோட குடும்பம் நடத்துனவளுக்குக் கோயில்தான் கட்டணும்!" என்றாள் மனைவி.

கணவர் பல் போன ஓட்டை தெரியச் சிரித்தார்.

விற்பவன் மோட்டார் மூடியைக் கழற்றிக் காட்டினான். தூசிக்குள் கம்பி வைத்த பொய்ப்பல் ஒன்று கிடந்தது.

"உவ்வே!" என்று அவள் பின்வாங்கினாள். "பல்லைக்கூட விட்டுட்டுப் போயிருக்கான், கருமம்!"

கணவர் மெல்லக் குனிந்து அதை எடுத்தார். சட்டையில் துடைத்து, வாய்க்குள் வைத்து அழுத்தினார். டக்கென்று பொருந்தியது.

"ரெண்டு வருஷமா இதைத்தான் தேடுனேன்," என்றார். "நாம பழைய இரும்புக்குப் போட்ட மெஷின்டி இது!"