கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கு

"அந்த ஊதா சால்வை எங்கம்மா?"

"எது அத்தை? பாதியில நின்னுச்சே, அதுவா?"

"ம்."

"பிரிச்சு உருண்டையா சுத்தி வச்சிட்டேன் அத்தை. பவித்ரா பொண்ணுக்குக் குல்லாய் போட ஆகும்ல? இனிமே எங்க…"

அதோடு மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சொல்லாத மிச்சமும் அத்தையின் காதில் விழுந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. வீணாப் போகாம இருக்கும்," என்றார் அத்தை. பக்கவாதத்தில் விழுந்த வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மழை தொடங்கிய நாளில் நடந்த பேச்சு அது. இப்போது குன்னூரில் பனி இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அமுக்கிப் பழகக் கொடுத்த பந்தை அன்றிலிருந்து அத்தை தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்க் கிடக்கிறது.

'அமுக்குங்க அத்தை' என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்று மதியம் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

இடது கையில் குரோஷா ஊசி.

செல்போனை பீரோக் கண்ணாடிக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறாள். போனைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கிறாள். போனில் பின்னிக் காட்டும் பெண்ணுக்கு வலக்கைப் பழக்கம். கண்ணாடிக்குள் அவளும் இடக்கைக்காரி ஆகிவிடுகிறாள்.

பின்னலின் ஓரத்தைத் துணிக் கிளிப் ஒன்று தலையணையோடு கவ்விப் பிடித்திருக்கிறது. நூல் முழங்காலுக்கு அடியிலிருந்து வருகிறது. இன்னொரு கை இல்லாதவர்களுக்கு நூலை முழங்கால்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். எந்த வீடியோவிலும் அது இல்லை. அவளாகக் கண்டுபிடித்தது.

சிப்பிப் பின்னல். ஒரே கண்ணிக்குள் திரும்பத் திரும்ப ஊசியை விட்டு நூலை எடுக்க வேண்டும். விசிறிபோல் விரியும். அத்தை சீரியல் பார்த்துக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் போடுவார்.

அவளுக்கு விரியவில்லை. சுருண்டுகொண்டது.

நூலும் சொன்னபடி கேட்கவில்லை. பிரித்த நூல் நேராவதில்லை. எங்கெங்கே வளைந்திருந்ததோ அங்கெல்லாம் இன்னும் வளைந்தே நிற்கிறது.

ஊதா நூல்.

அத்தையின் பின்னல் போகாத வீடு உறவில் கிடையாது. நாத்தனார் பவித்ராவுக்கு சால்வை, பவித்ராவின் மாமியாருக்கு சால்வை. கீழ்வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட ஒரு சட்டை போனது. இந்த வீட்டு மருமகளுக்கு மட்டும் எதுவும் வந்ததில்லை. அவளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது பிரியமா என்று ஒரு வீம்பு.

ஊதாவும் கத்தரிப்பூ நிறமுமாகத் தேடித்தேடி உடுத்துகிறவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

பிரித்த அன்று அது தோன்றவில்லை.

எவ்வளவு சுலபமாகப் பிரிந்தது. கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கு மாட்டியிருந்தது. கழற்றினாள். நுனியை இழுத்தாள். வரிவரியாக, ஒரு முடிச்சுகூடத் தடுக்காமல், வந்துகொண்டே இருந்தது.

ஊக்கை எறிவானேன் என்று வலது கை வளையலில் மாட்டிக்கொண்டாள்.

போன வாரம்தான் போனில் அந்தப் பெண் சொன்னாள். பாதியில் எழுந்து போனால் கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை பிரியாது.

திரும்பி வரும்வரை.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஊக்கை மாட்டிவிட்டு எழுந்து போனவர்தான் அத்தை. சமையலறை வாசலிலேயே சரிந்தார்.

கூடத்தில் கைத்தடிச் சத்தம்.

அவள் துப்பட்டா முடிச்சைப் பிடித்து இழுத்தாள். ஒற்றைக் கைக்கு அது அவிழவில்லை.

கதவு திறந்துவிட்டது.

அத்தை கட்டியிருந்த கையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். தலையணை, கிளிப், முழங்காலுக்கு அடியில் போகும் ஊதா நூல்.



பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். சுருண்டு கிடந்த பின்னலை இடது கை விரலால் நெம்பிப் பார்த்தார்.

"என்ன கண்றாவிம்மா இது? கோழி கிளறுன மாதிரி."

பேச்சு குழறியது. கேலி குழறவில்லை.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். கண் நிறைந்துவிட்டது.

இடுப்போரம் தடவி, வளையலிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். கை நழுவியது. மறுபடி எடுத்தாள். தன் கடைசிக் கண்ணியில் மாட்டினாள்.

அத்தை அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குரோஷா ஊசியை அத்தையின் இடது உள்ளங்கையில் வைத்தாள். அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூடவும் இல்லை.

"அத்தை…"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொண்டையில் நின்றது.

"எனக்கு ஒரு சால்வை வேணும். நீங்க பின்னித் தாங்க."