தெயோலிந்தா முறுக்கிய சங்கிலி

'அறுந்து தொலைத்து என் மானத்தை வாங்கிவிடாதே' என்று குழந்தையின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள் தெயோலிந்தா. ஞானஸ்நான விருந்தின் ஆட்டுக்கறி அவள் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

பத்து மாதத் தொமே, தாயின் மடியில் உட்கார்ந்து சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்தான்.

"இழுடா சிங்கம்!" என்று உசுப்பேற்றினான் அவன் அப்பா அர்மிந்தோ. தெயோலிந்தாவின் தம்பி. "உன் ரெண்டு அத்தைங்க கைவேலைடா. மாட்டைக் கட்டி இழுத்தாலும் அறாது!"

கொந்தொமார் ஊரே அப்படித்தான் சொல்லும். அக்கா தங்கை இருவரின் நகைப் பட்டறையில் வளையங்களைப் பற்றவைப்பது அக்கா இதலினா. தணலில் காய்ச்சிப் பதமாக்கிக் குறட்டால் முறுக்குவது தெயோலிந்தா. இருபது வருஷமாகப் பெண்களுக்கு எத்தனையோ சங்கிலி செய்தாகிவிட்டது, அக்காவின் வளையம் ஒன்றுகூட வாய் பிளந்ததில்லை. குழந்தைக்கென்று செய்தது இதுதான் முதல்.

ஞானத்தாயாக இருக்க அர்மிந்தோ அக்காவைத்தான் கேட்டான், இவளைக் கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் ஒரு மாதமாக அக்காவோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஞானத்தாய் போடவேண்டிய சங்கிலியை அக்கா பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போக, இவள் காய்ச்சாமலே கோபத்தையெல்லாம் கையில் இறக்கி முறுக்கினாள். கொக்கியை ஒட்டிய வளையம் பிளந்துகொண்டது.

பிளந்த இடத்தில் பற்றவைத்த தடமே இல்லை, வெட்டிய கம்பிபோலச் சுத்தமாக இருந்தது. பதற்றத்தில் அதையெல்லாம் யோசிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தானே பற்றவைத்து, அரத்தால் தேய்த்து மெருகேற்றி வைத்துவிட்டாள். போயும் போயும் ஒரு பிஞ்சின் நகையிலா கோபத்தைக் காட்டினோம் என்று அன்றோடு தூக்கம் போயிற்று.

தொமே கண்ணைக் கசக்கினான். அவன் அம்மா மாடிக்குத் தூக்கிப்போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் தனியாக இறங்கி வந்தாள்.

"தூங்கிட்டான். முழிச்சாலும் தொட்டில் கம்பியைப் பிடிச்சு அவன்பாட்டுக்கு விளையாடுவான். சங்கிலியைக் கழட்டலை, பயமே இல்லைன்னு இதலினா அண்ணி சொல்லிட்டாங்க."

அதற்குமேல் தெயோலிந்தாவால் தாங்க முடியவில்லை. சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடு. கோபத்துல காய்ச்சாம முறுக்கினேனா, கொக்கிப் பக்கத்து வளையம் பிட்டுக்கிச்சு. உன்கிட்ட சொல்லாம நானே பத்தவெச்சுட்டேன். ஆனா கெட்டியா வெச்சிருக்கேன்க்கா. இனி சத்தியமா அறாது!"

தட்டு கைநழுவி உடைந்தது. ஈரக் கையோடு மாடிப்படிக்கு ஓடினாள் இதலினா.

"அடிப்பாவி! எங்கயாவது மாட்டினா அறுந்துக்கணும்னுதானேடி அந்த ஒண்ணைப் பத்தவைக்காம விட்டேன்!"